பிளினாடுமோமாபுக்குப் பிறகும் திரும்பி வந்த ஏஎல்எல்: ஃபேஸ் 1 கார்-டி ட்ரையலில் தம்பியைச் சேர்க்கலாமா?

ஈரமண்:

என் தம்பிக்கு வயது 31. வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய் அவனுக்கு. பி செல் ஏஎல்எல். முதல் சுற்றுக் கீமோவுக்கு நோய் நன்றாகவே கட்டுப்பட்டது, வேலைக்குக்கூடத் திரும்பப் போனான். அப்புறம் மறுபடி தலைகாட்டியது. பிளினாடுமோமாப் என்ற மருந்தை ஏற்றினார்கள். கொஞ்ச காலம் அடங்கியிருந்தது. இப்போது மஜ்ஜையில் பாதிக்குப் பாதி பிளாஸ்ட், அதாவது முதிராத புற்றுச் செல்கள் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது.

மருத்துவர் சொல்லும் வழி ஒரு கார்-டி ட்ரையல். அவனுடைய நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களையே எடுத்து, புற்றுச் செல்லின் மேல் இருக்கும் சிடி19, சிடி22 என்ற இரண்டு குறிகளையும் தேடிப்போய்த் தாக்கும்படி மாற்றி, திரும்ப அவனுக்கே ஏற்றுவார்களாம். ஃபேஸ் 1. ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்து, வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் முடிவு சொல்லுங்கள் என்றார்கள். மூளை வீக்கம், மரணம் என்ற வரிகள் வரும் பக்கம் வரைக்கும் தம்பி படித்தான். அங்கேயே மூடி என்னிடம் கொடுத்து, "நீயே படிச்சுச் சொல்லுக்கா" என்றான்.

முழுக்கப் படித்துவிட்டேன். ஆனாலும் தெளிவு வரவில்லை. ஃபேஸ் 1 என்றால் மருந்து பாதுகாப்பானதா என்று மட்டும்தான் பார்ப்பார்களாம், அப்படியென்றால் அவன் சோதனை எலியா? இணையத்தில் எங்கே தேடினாலும் 81 சதவீதம் பேருக்கு நோய் மறைந்தது என்று வருகிறது, அந்தக் கணக்கு இவனுக்குப் பொருந்துமா? பாதிப் பேருக்கு வெறும் சலைனை ஏற்றி ஏமாற்றிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கெட்ட செய்தி என்றாலும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

வடகாற்று:

சகோதரி, என் மனைவிக்கு லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய். இரண்டு வகைக் கீமோவுக்கும் அடங்காமல் கார்-டி ட்ரையலில்தான் சேர்ந்தோம். மருத்துவம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

செல் ஏற்றும் நாள் ஒரு பெரிய விஷயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நைட்ரஜன் ஆவி கிளம்பும் ஒரு பாத்திரத்திலிருந்து உள்ளங்கை அளவுப் பை ஒன்றை எடுத்தார்கள். இரண்டு பேர் பெயரையும் எண்ணையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கினார்கள். ஏற்றி முடிக்கச் சில நிமிடம்தான் ஆனது. செல்களை உறையவைக்கச் சேர்க்கும் திரவத்தின் வாடை அவள் மூச்சில் மறுநாள் வரை இருந்தது. பூண்டு வாடை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம்.

காய்ச்சல் அடுத்தடுத்த நாட்களில் வந்தது. குளிர் நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் இருந்தது. அதை அடக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் போட்டதும் விடியற்காலைக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதைவிட என்னைக் கலங்கடித்தது வேறு. தினமும் காலையில் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். "ஜன்னல் ஓரம் இன்று நல்ல வெயில்" என்பது இவள் தேர்ந்தெடுத்த வாக்கியம். தினமும் அதேதான். ஒரு காலை, எழுத்து வழக்கத்தைவிடச் சிறுத்திருந்தது. அடுத்த காலை "ஜன்னல்" வரை சரியாக வந்து, அதற்குப் பிறகு வரி கீழே சரிந்து வெறும் கோடுகளாகப் போனது. "எழுதிட்டேனே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். தான் எழுதாதது அவளுக்கே தெரியவில்லை. ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். சில நாளில் முழு வாக்கியமும் திரும்பி வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வார்த்தைக்குத் தடுமாறுவது, சொன்னதையே சொல்வது, கரண்டியைக் காட்டினால் பெயர் வராமல் முழிப்பது, இதெல்லாம் மருத்துவரைவிட முன்னால் கூடவே இருப்பவர் கண்ணில்தான் படும். அக்கா என்ற முறையில் அந்த நாட்களில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். சின்ன மாற்றம் என்றாலும், நடுராத்திரி என்றாலும், கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அந்திமாலை:

ஈரமண், நான் செல் சிகிச்சைப் பிரிவில் ஆய்வு நர்ஸ். படிவத்தை விளக்கிக் கையெழுத்து வாங்குவதிலிருந்து, பை வந்து சேரும் வரை நாட்களை எண்ணிக்கொண்டிருப்பது வரை என் வேலைதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். இதுபோன்ற ஃபேஸ் 1ல் சலைன் குழு என்று ஒன்று கிடையாது. சேருகிற எல்லாருக்கும் செல்கள்தான் தயாராகும். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்த ட்ரையல்களும் உண்டு. லிம்ஃபோமாவில் 359 பேரை வைத்து நடந்த சூமா-7 அப்படிப்பட்டது. அங்கேயும் எதிர்க்குழுவுக்கு வழக்கமான கீமோவும், அதில் நோய் கட்டுப்பட்டவர்களுக்கு ஸ்டெம் செல் மாற்றும் கொடுத்தார்கள். இந்த நிலையில் இருப்பவரைச் சும்மா விட்டுவைக்கும் ட்ரையலுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.

அடுத்து, ஃபேஸ் 1. முக்கிய நோக்கம் பாதுகாப்பும் டோஸும் என்பது உண்மைதான். பெரும்பாலும் மூன்று மூன்று பேராக ஏற்றுவார்கள். முதல் மூவருக்கும், வழக்கமாக 28 நாள் வரை, தாங்க முடியாத பக்கவிளைவு வராவிட்டால் அடுத்த மூவருக்கு டோஸைக் கூட்டுவார்கள். அதனால் "தம்பி எந்தப் படியில் சேருகிறான், அவனுக்கு முன்னால் எத்தனை பேருக்கு ஏற்றியாயிற்று, அவர்களுக்கு என்ன ஆயிற்று" என்று நேராகவே கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெயர் சொல்ல மாட்டார்கள், நடந்ததைச் சொல்வார்கள். கீழ்ப் படியில் சேர்ந்தால் பலன் இருக்காது என்று நினைக்க வேண்டாம். மாத்திரை உடம்பில் கரைந்து குறையும், இந்தச் செல்கள் எதிரியைக் கண்டால் உள்ளே பெருகும். ஏற்கெனவே அனுமதி பெற்ற டிசாஜென்லெக்லூசெல் என்ற கார்-டியில், 50 கிலோவுக்கு மேல் எடை உள்ளவருக்கு 1 கோடி முதல் 25 கோடி செல் வரை ஏற்றலாம் என்று இருக்கிறது. ஒன்றுக்கு 25 மடங்கு வித்தியாசம்! 

சரி, 81க்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் எல்லாக் குடும்பத்திடமும் நிறைய நேரம் பேசுவேன்.

அது, அதே டிசாஜென்லெக்லூசெல்லை வைத்து நடந்த எலியானா என்ற ட்ரையலின் கணக்கு. குழந்தைகளும் இளம் வயதினரும் சேர்ந்தது. அதை வைத்துத்தான் 2017ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் முதன்முதலாக ஒரு கார்-டிக்கு அனுமதி கொடுத்தது, அதுவும் 25 வயது வரைக்கும்தான். செல் ஏற்றப்பட்டவர்கள் 75 பேர். மூன்று மாதத்துக்குள் நோய் மறைந்தவர்கள் 61 பேர். 61ஐ 75ஆல் வகுத்தால் 81 வரும். ஆனால் ட்ரையலில் சேர்ந்தவர்கள் 92 பேர். மீதி 17 பேருக்குச் செல் ஏறவே இல்லை. ஏழு பேருக்குச் செல் தயாரிப்பில் சிக்கல். ஏழு பேர் காத்திருந்த நாட்களில் இறந்துபோனார்கள். மூன்று பேரால் வேறு உடல் பாதிப்பால் தொடர முடியவில்லை. சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 66 சதவீதம்.

உங்கள் தம்பியின் வயதுக்கு நெருக்கமானது சூமா-3. முழுக்கப் பெரியவர்கள், இதே பி செல் ஏஎல்எல். ஃபேஸ் 2ல் 71 பேர் சேர்ந்தார்கள், 55 பேருக்கு ஏறியது, 39 பேருக்கு நோய் மறைந்தது. 55க்கு 39 என்றால் 71 சதவீதம். 71க்கு 39 என்றால் 55. இரண்டுமே உண்மைதான். விளம்பரத்தில் முதல் எண் இருக்கும். இன்றைக்குப் படிவத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குப் பயன்படுவது இரண்டாவது எண், ஏனென்றால் நீங்கள் நிற்பது செல் எடுப்பதற்கு முந்தைய இடத்தில். இரண்டு குறி ட்ரையலின் முடிவு இதைவிட மேலாகவும் இருக்கலாம், கீழாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் ட்ரையலே.

படிவங்களில் எனக்குக் கோபம் வரும் இடமும் இதுதான். பக்கவிளைவுகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். செல் எடுத்த நாளுக்கும் ஏற்றும் நாளுக்கும் நடுவே நோயை எப்படிப் பிடித்து நிறுத்தப்போகிறார்கள் என்பது ஒரு பத்தியில் முடிந்துவிடும். பாதி மஜ்ஜை பிளாஸ்ட் இருக்கும் ஒருவருக்கு அந்த வாரங்கள்தான் ஆபத்தானவை. கிருமித் தொற்று வரும், ரத்தம் கசியும், நோய் வேகம் பிடிக்கும். லிம்ஃபோமாவில் பெலிண்டா என்ற ட்ரையலில் கார்-டி குழு வழக்கமான சிகிச்சையைவிட முன்னே போகவே இல்லை. அங்கே செல் எடுத்ததற்கும் ஏற்றியதற்கும் நடுவே சராசரியாக 52 நாள் ஆனது. தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் அந்த 52ஐ நான் ஒரு நாளும் மறப்பதில்லை.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது: அஃபெரிசிஸ், அதாவது ரத்தத்திலிருந்து டி செல் எடுக்கும் தேதி எப்போது? செல் எங்கே தயாராகிறது, அதே வளாகத்திலா, வேறு ஊருக்கு அனுப்பியா? இதுவரை தயாரானவற்றில் எத்தனை நாள் ஆனது? நடுவில் நோயைப் பிடித்து நிறுத்த என்ன பிரிட்ஜிங் மருந்து கொடுப்பீர்கள்? செல் போதவில்லை என்றால் மறுபடி எடுப்பீர்களா? தரக் கணக்கில் கொஞ்சம் குறைவாக வந்தால் ஏற்றுவீர்களா, வேண்டாம் என்பீர்களா? பதில்களை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பிளினாடுமோமாபும் சிடி19ஐப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. அதற்குப் பிறகு திரும்பும் நோய் சில சமயம் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்திருக்கும், சிடி19 தேடும் செல்லுக்கு அது எதிரியாகவே தெரியாது. இரண்டு குறி வைப்பது இதற்காகத்தான். இப்போது எடுத்த மஜ்ஜையின் ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதாவது செல்லின் குறிகளைப் பார்க்கும் பரிசோதனை ரிப்போர்ட்டில் சிடி19 எவ்வளவு, சிடி22 எவ்வளவு என்று பாருங்கள். பழைய ரிப்போர்ட் போதாது.

தம்பி மூடிவைத்த பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வரிகள் சும்மா எழுதப்பட்டவை அல்ல. 2016ல் ஜேகார்015 என்ற கார்-டி ட்ரையலில், இதே ஏஎல்எல் உள்ள பெரியவர்கள் ஐந்து பேர் மூளை வீக்கத்தால் இறந்தார்கள். நிறுத்தினார்கள், திரும்ப ஆரம்பித்தார்கள், மறுபடி மரணம் நேர்ந்ததும் 2017ல் அந்த மருந்தையே கைவிட்டார்கள். அதற்கு முன்பே, 2012ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுக் குழந்தை கார்-டி ஏற்றியதும் வென்டிலேட்டர் வரை போனாள். ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தன் மகளின் மூட்டுவாத நோயால், இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாபைப் பற்றி அறிந்திருந்த விஞ்ஞானி கார்ல் ஜூன் அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அவள் மீண்டு வந்தாள், லுகேமியாவும் போய்விட்டது. இன்று எல்லாக் கார்-டி பிரிவிலும் செல் பையை உருக்குவதற்கு முன் டோசிலிசுமாப் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அவளிடமிருந்து வந்த பாடம். வடகாற்று சொன்ன எழுத்துத் தாளும் அப்படித்தான். வாக்கியம் எழுதுவது, 100லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்வது, பொருளைப் பெயர் சொல்வது என்று பத்து மதிப்பெண்ணுக்குத் தினமும் பார்ப்போம். டோசிலிசுமாப் மூளைப் பக்கம் அவ்வளவாக எட்டாது, அதனால் அங்கே ஸ்டீராய்டுதான்.

ஈரமண்:

அக்கா, வடகாற்று அண்ணா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கேள்விகளை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சிடி19 ஒரு பகுதிச் செல்களில் மங்கலாக இருக்கிறதாம், சிடி22 நன்றாக இருக்கிறதாம். அவனுக்கு முன்னால் முதல் படியில் மூன்று பேர் முடித்துவிட்டார்கள், ஒருவருக்கு மட்டும் ஐசியு தேவைப்பட்டது, மூவரும் வீடு திரும்பிவிட்டார்கள் என்றார். இவன் இரண்டாம் படி.

தம்பி இரண்டு விஷயம் கேட்கச் சொன்னான். இது வேலை செய்தால் அதோடு முடிந்ததா, இல்லை மஜ்ஜை மாற்றும் வேண்டுமா? கார்-டியே புதிய புற்றுநோயை உண்டாக்கும் என்று எங்கோ படித்திருக்கிறான், அது உண்மையா?

கண்ணாடிக்குழல்:

நான் செல் தயாரிக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன், நோயாளிகளைப் பார்ப்பதில்லை. அந்திமாலை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்கு வரும் பையில் டி செல் எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது, அவை பெருகும் தெம்போடு இருக்க வேண்டும். பல சுற்றுக் கீமோ பார்த்த டி செல் களைத்துப்போயிருக்கும். வளர்ப்பு ஊடகத்தில் முதல் சில நாட்களிலேயே அது தெரிந்துவிடும், எண்ணிக்கை ஏறவே ஏறாது. அதனால் நோயை அடக்க அடுத்த கடுமையான மருந்தை ஆரம்பிக்கும் முன்பே அஃபெரிசிஸ் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சில மருந்துகளுக்கும் செல் எடுப்பதற்கும் நடுவே இத்தனை நாள் இடைவெளி என்று விதி இருக்கும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டால்தான் நாள் வீணாகாது.

ரத்தத்தில் பிளாஸ்ட் நிறைய சுற்றுகிறது என்றால் எங்களிடம் முன்பே சொல்லிவிடுவார்கள். காரணம் உண்டு. ஒரு நோயாளிக்குத் தயாரிக்கும்போது டி செல்லோடு கலந்திருந்த ஒரே ஒரு லுகேமியா செல்லுக்குள், டி செல்லுக்குப் போக வேண்டிய, குறியைத் தேடவைக்கும் கார் மரபணு போய்விட்டது. அது தன் சிடி19ஐத் தானே மூடிக்கொண்டு தப்பித்து, நோயாகத் திரும்பி வந்தது. 2018ல் வெளியான அறிக்கை. மிக அரிது. ஆனால் அன்றிலிருந்து டி செல்லைப் பிரித்தெடுக்கும் படியை நான் அவசரமாகச் செய்ததில்லை. எங்கள் மேசையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் உங்களைப் போல ஒருவர் காத்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்திமாலை:

மங்கலான சிடி19 என்றால் இந்த ட்ரையல் அவனுக்குப் பொருத்தமான இடம்தான் என்பது என் எண்ணம். முதல் படியில் மூவர் முடித்திருப்பதும் எனக்குத் தைரியம் தருகிறது.

தம்பியின் முதல் கேள்விக்கு நேர்மையான பதில், இப்போதே சொல்ல முடியாது என்பதுதான். 28ஆம் நாளை ஒட்டி மஜ்ஜை எடுத்து எம்.ஆர்.டி, அதாவது கண்ணுக்குப் படாமல் மிச்சம் இருக்கும் நோய், இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இல்லை என்று வந்தாலும், எலியானாவில் நோய் மறைந்தவர்களிலேயே ஒரு வருடத்தில் அது திரும்பாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 60 சதவீதம்தான். அதனால் பெரியவர்களின் ஏஎல்எல்லில், மாற்று இதுவரை செய்யாதவருக்குப் பல மருத்துவர்கள் அந்த நேரத்தில் மஜ்ஜை மாற்றைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள். கொடுப்பவரைத் தேடும் வேலையை இப்போதே தொடங்கிவைப்பது நல்லது, பிறகு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். உங்கள் ரத்தத்தையும் கொடுத்துப் பொருத்தம் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி. உண்மைதான், அரிது. 2023 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் கார்-டிக்குப் பிறகு வந்த டி செல் புற்றுநோய்களை ஆராயத் தொடங்கி, 2024ல் மருந்தின் எச்சரிக்கைப் பெட்டியில் அதைச் சேர்க்கச் சொன்னது. 15 வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற விதி அதற்கும் முன்பிருந்தே உண்டு. படிவத்தில் அந்த 15ஐப் பார்த்து மலைக்க வேண்டாம், பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையும் விசாரிப்பும்தான். நல்ல பக்கமும் சொல்கிறேன்: 2010ல் நாள்பட்ட லுகேமியாவுக்குக் கார்-டி ஏற்றிக்கொண்ட இரண்டு பேர் உடம்பில் பத்து வருடம் கழித்தும் அந்தச் செல்கள் உயிரோடு இருந்ததை 2022ல் வெளியிட்டார்கள். அவர்கள் நோய் வேறு, ஆனால் இந்தச் செல்கள் நீண்ட நாள் நிற்கக்கூடியவை என்பதற்கு அது சாட்சி. அவை நிற்கும்வரை நல்ல பி செல்களும் இருக்காது. அதனால் சளி, நிமோனியா அடிக்கடி வரலாம், இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்ற வேண்டி வரலாம்.

படிவத்தில் "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று ஒரு வரி இருக்கும். ஏற்றுவதற்கு முந்தைய நிமிடம் வரை அது முழு உண்மை. ஏற்றிய பிறகு பரிசோதனைகளிலிருந்து விலகலாம், செல்லைத் திரும்ப எடுக்க முடியாது. இதை வாய்விட்டுச் சொல்லாமல் நான் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. அப்புறம், கையெழுத்துப் போட வேண்டியது தம்பி. நீங்கள் படித்துச் சொன்னது பெரிய உதவி, ஆனாலும் அடுத்த சந்திப்பில் அந்தப் பக்கத்தை மருத்துவர் முன்னால் அவனே திறந்துவைத்துக் கேட்கட்டும். தனியாகப் படிக்கும்போது இருக்கும் பயம், பதில் சொல்ல ஆள் எதிரே இருக்கும்போது கொஞ்சமாவது குறையும்.

அஃபெரிசிஸ் அன்று ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் உடம்பில் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் சுருசுருவென்று வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். கால்சியம் கொடுத்து, இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். நாலைந்து மணி நேரம் ஆகும், கையை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், கழிப்பறைக்குப் போய்விட்டு உட்காரச் சொல்லுங்கள். தேதி கிடைத்ததும் இங்கே எழுதுங்கள்.